வழி மாறிய விடுமுறை

தான் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும் என்பார்கள். பிரயாணம் செய்பவர்களுக்கு இந்தப் பழமொழி சற்று அதிகமாகவே பொருந்தும். புறப்படும் நாள், ஏறும் வண்டி, இறங்கும் ஊர், தங்கும் வீடு என்று எல்லாவற்றையும் தாளிலே எழுதி வைக்கிறோம். மை உலர்வதற்குள் எங்கோ ஓரிடத்தில் தண்டவாளத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். எழுதியதை அடித்துத் திருத்துவதா, பிரயாணத்தையே கைவிடுவதா என்ற கேள்வி அப்போது எழுகிறது. 2024 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையின்போது இந்தக் கேள்வி எமது வீட்டுத் திண்ணையிலும் வந்து அமர்ந்தது. அதற்கு நாம் கண்ட விடையை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

எமது ஊர் தர்மபுரம். பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவை நோக்கிக் கிழக்கே செல்லும் வீதியிலே, வயலும் தென்னையும் சூழ்ந்து கிடக்கும் ஊர். இங்கே வாழும் குடும்பங்கள் பலவற்றின் வேர் மலைநாட்டில் இருக்கிறது. இனக்கலவரங்களுக்கு அஞ்சித் தேயிலைத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கிணறு தோண்டிக் குடியிருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாம். எம் தாயாரும் அப்படி வந்தவர்தாம். அவர் பிறந்தது 1950 இல், வட்டகொடைக்கு அருகே உள்ள ஒரு தோட்டத்தில். 1977 ஆம் ஆண்டு கலவரத்தின் அச்சம் தோட்டங்களைச் சூழ்ந்த நாட்களிலே, எம் தந்தையாரோடு ஒரு லொறியில் ஏறினார். அவர் கையில் ஒரு துணி மூட்டையும், ஒரு வயதுக் குழந்தையும் இருந்தன. அந்தக் குழந்தை நாமே.

அன்று தொட்டு இன்று வரை அவர் திரும்பிப் போகவில்லை. போவதற்கு வழியிருந்த காலத்தில் காசு இல்லை. காசு சிறிது சேர்ந்த காலத்தில் வழி இல்லை. 1990 ஜூன் மாதம் யுத்தத்தின் காரணமாக வடபகுதிப் புகையிரதச் சேவை நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2009 ஆம் ஆண்டுத் தை மாதத்தில் ஊரோடு நாமும் இடம்பெயர்ந்தோம். முகாம் வாழ்க்கையை முடித்துக்கொண்டு மீண்டும் தர்மபுரத்துக்கு வந்தபோது வீட்டிலே சுவர்கள் மட்டும் நின்றன. தந்தையார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். கிளிநொச்சிக்கு மறுபடியும் புகைவண்டி வந்தது 2013 செப்டெம்பரில். யாழ்ப்பாணத்துக்குப் போனது 2014 ஒக்டோபரில். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புகைவண்டியின் கூவலைக் கேளாமல் வளர்ந்த ஒரு தலைமுறை எமது மாவட்டத்திலே உண்டு.

யாராவது எம் தாயாரிடம், “அம்மா, உங்கட சொந்த ஊர் எது?” என்று கேட்டால், “வட்டகொடைப் பக்கம்” என்றே விடை சொல்வார். தர்மபுரத்தில் அவர் வாழ்ந்தது நாற்பத்தேழு ஆண்டுகள். வட்டகொடையில் வாழ்ந்ததோ இருபத்தேழே ஆண்டுகள். இந்தக் கணக்கை நாம் ஒரு முறை எடுத்துக் காட்டினோம். “கணக்கு வேற, ஊரு வேற, தம்பி” என்று அவர் சொல்லிவிட்டார்.

2022 ஆம் ஆண்டிலேதான் அவர் முதன்முதலாக, “ஒரு தரம் போய்ப் பார்த்துட்டு வந்திரலாமா?” என்று வாய்விட்டுக் கேட்டார். அந்த ஆண்டு எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றது. அடுத்த ஆண்டு போவோம் என்றோம். 2023 ஜனவரியில் அனுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடைப்பட்ட 62 கிலோமீற்றர்ப் பாதையைத் திருத்துவதற்காக மூடினார்கள். அது திறந்த பிறகு போவோம் என்றோம். ஜூலையில் அது திறந்தது. பள்ளிக்கூடப் பரீட்சையும் காலபோக விதைப்பும் முடியட்டும் என்றோம். அவை முடிந்தபோது, 2024 ஜனவரி 7 ஆந் திகதி முதல் மாகோவுக்கும் அனுராதபுரத்துக்கும் இடைப்பட்ட 66 கிலோமீற்றரையும் மூடிவிட்டார்கள். வடக்கிலிருந்து கொழும்புக்கு நேரே செல்லும் வண்டிகள் மறுபடியும் நின்றன.

இதிலே யாரையும் குறை கூறுவதற்கில்லை. வடபகுதிப் பாதை 1905 ஆம் ஆண்டிலே காங்கேசன்துறை வரை முழுமை பெற்றது. நூறாண்டைக் கடந்த பாதையிலே வண்டி வேகமாகவும் பத்திரமாகவும் ஓட வேண்டுமானால் ஒரு காலத்தில் அதைத் திறந்து செப்பனிடத்தான் வேண்டும். மாகோ முதல் ஓமந்தை வரை 128 கிலோமீற்றரை, இந்தியக் கடனுதவியோடு, இரண்டு பகுதிகளாகப் பிரித்துச் செப்பனிட்டார்கள். காரணம் நியாயமானதே. ஆனால் நியாயமான காரணத்துக்காகத் தள்ளிப்போடும் காரியமும் தள்ளிப்போன காரியந்தான்.

எமது பிரயாணத் திட்டம் இதுவாக இருந்தது. கிளிநொச்சியில் யாழ்தேவி ஏறிக் கொழும்பு செல்வது. காலிமுகத்திடலில் கடல் பார்ப்பது. தெகிவளையில் மிருகக்காட்சிச்சாலை பார்ப்பது. பின்னர் கொழும்புக் கோட்டையிலிருந்து மலைநாட்டு வண்டியில் வட்டகொடை செல்வது. அங்கிருந்து நுவரெலியா சென்று திரும்புவது. ஏழு நாட் பிரயாணம். பதினொரு வயது மகன் இதைப் பாடமாகவே வைத்திருந்தான். அவன் அதுவரை புகைவண்டியை வீதிக் கடவையில் நின்று பார்த்ததேயன்றி ஏறியதில்லை.

பங்குனி மாதத்து ஓர் இரவு, சாப்பாடு முடிந்து திண்ணையில் இருந்தபோது, “பாதை திறக்க இன்னும் சில மாதமாகுமாம், ஆவணி விடுமுறையிலே பார்ப்போம்” என்று நாம் அறிவித்தோம். மகன் எழுந்து உள்ளே போய்விட்டான். தாயார் வெற்றிலையை மடித்தபடியே, “அதுக்கென்ன, பார்ப்போம்” என்றார். சிறிது நேரம் கழித்து, யாரிடமும் சொல்லாதவர் போல, “பாதை திருந்தற வரைக்கும் ஆளு திருத்தமா இருக்கணுமே” என்று சொல்லிக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தை இரவெல்லாம் எம்மை உறங்கவிடவில்லை. மூன்று ஆண்டுகளாக நாம் தண்டவாளத்தின் வயதைப் பற்றியே கவலைப்பட்டிருக்கிறோம். தாயாரின் வயதைப் பற்றி அல்ல.

மறுநாள் காலை எம் மனைவியார் ஒரு கேள்வி கேட்டார்: “இந்தப் பயணத்திலே எது இல்லாட்டிலும் பரவாயில்லை, எது இல்லாட்டிப் பயணமே இல்லை?” எளிமையான கேள்விதான். ஆனால் நாம் இதுவரை கேட்காத கேள்வி. யாழ்தேவி இல்லாவிட்டால் பயணம் இல்லை என்று நாமாகவே எண்ணிக்கொண்டிருந்தோம். உண்மையில், கடல் இல்லாமற் போகலாம், மிருகக்காட்சிச்சாலை இல்லாமற் போகலாம், கொழும்பே இல்லாமற் போகலாம். வட்டகொடை இல்லாமற் போகலாகாது. இதை ஏற்றுக்கொண்டதும் முடிச்சுத் தானாகவே அவிழத் தொடங்கியது.

உயர்தர வகுப்பிலே புவியியல் படிக்கும் மகள் தேசப்படத்தை விரித்தாள். “அப்பா, வட்டகொடைக்குப் போறதுக்கு நாங்கள் ஏன் கொழும்புக்குப் போகவேணும்?” என்று கேட்டாள். புகைவண்டி அப்படித்தான் போகிறது என்பதைத் தவிர வேறு விடை எம்மிடம் இல்லை. எமது மாவட்டத்தின் நடுவே ஓடும் ஏ-9 வீதிக்குக் கண்டி வீதி என்று பெயர். யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் 321 கிலோமீற்றர் நீளமான வீதி அது. நாள்தோறும் அதிலே போய்வருகிறோம். அதன் மறு முனையிலே கண்டி இருக்கிறது என்பதை மறந்துவிட்டோம். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று நேரே தெற்கு நோக்கிச் சென்றால் கண்டி; அங்கிருந்து மலைநாட்டுப் புகைவண்டி. அந்தப் பாதையில் அப்போது தடை ஏதும் இல்லை.

தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தாயார், “மாத்தளை வழியாவா?” என்று கேட்டார். அந்தக் குரலிலே ஏதோ இருந்தது. நாம் விசாரித்தோம். “அந்த ரோட்டுலதான் தம்பி வந்தோம். ஆனா நான் பார்க்கல. ராத்திரி. மேல தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாங்க. உன் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்” என்றார். நாற்பத்தேழு ஆண்டுகளில் இதை அவர் எம்மிடம் சொன்னது அதுவே முதல் முறை.

புதிய திட்டத்தை மகள் எழுதினாள். மூன்று விஷயங்களைக் கவனித்தோம். முதலாவது, ஒரே நாளில் கண்டி வரை செல்வது முதியவருக்கு ஆகாது; ஆகையால் மாத்தளையில் உறவினர் வீட்டிலே ஓர் இரவு தங்குவது. இரண்டாவது, ஒரு வண்டி தவறினால் அடுத்த வண்டியைப் பிடிப்பதற்குப் போதிய அவகாசம் வைப்பது. வழமையான வண்டிகள் ஓடாத காலத்தில் பஸ்களிலே கூட்டம் இரு மடங்காகும். நிமிடக் கணக்கிலே திட்டம் போடுவது வீண். மூன்றாவதுதான் கடினமானது. திட்டம் மாறும்போது யாருக்கோ ஒருவருக்கு இழப்பு நேருகிறது. அவருக்கு ஈடாக எதையாவது தேடிக் கொடுக்க வேண்டும். எமது வீட்டிலே இழந்தவன் மகன். யாழ்தேவியும் போயிற்று, கடலும் போயிற்று. “அப்ப ரெயினிலே போகவே ஏலாதா, அப்பா?” என்று கேட்டான். மகள் விரலால் ஒரு சிறு கோட்டைத் தொட்டுக் காட்டினாள். மாத்தளையிலிருந்து கண்டிக்கு ஒரு கிளைப் பாதை உண்டு. 1880 ஆம் ஆண்டிலே போடப்பட்டது. “ஒரு ரெயின் இல்லையடா, ரெண்டு ரெயின்” என்றாள். அவன் முகம் சற்றே தெளிந்தது.

புத்தாண்டு கழிந்த மூன்றாம் நாள், விடியற் கருக்கலிலே புறப்பட்டோம். பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம் என்று கடந்து வவுனியாவை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. கண்டி செல்லும் பஸ்ஸில் எமக்கு முன்னே ஒரு பெருங் கூட்டம் காத்து நின்றது. முதல் பஸ்ஸை விட்டுவிட்டோம். இரண்டாவதிலே இடம் கிடைத்தது. முன்பே அவகாசம் வைத்திருந்தமையால் மனக்கிலேசம் இல்லை. தாயாருக்கு யன்னல் ஓர ஆசனத்தை எடுத்துக் கொடுத்தோம்.

மதவாச்சியில் மேற்கே மன்னாரிலிருந்து வரும் வீதி வந்து சேருகிறது. அந்தச் சந்தியைக் கண்டதும் மகள் தன் பாட்டியின் காதருகே குனிந்து பேசத் தொடங்கினாள். மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது. ஆதலால் இங்கே சற்று விரித்துச் சொல்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் தோணிகளிலே மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். குடிநீர் அரிது, நிழற்குடில்கள் அரிது. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டு போயின. விழுந்தவர்களை அங்கங்கே விட்டு ஏனையோர் நடந்தார்கள். கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி 1867 இல் வந்தது. அது கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போடப்பட்ட பாதை. கோப்பியை நட்டவர்களோ அதன் பிறகும் நெடுங்காலம் கால்நடையாகவே மலை ஏறினார்கள். பின்னர் கோப்பிச் செடியில் நோய் விழுந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. காலப்போக்கில் அந்த நடை ஓய்ந்தது; தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை 1914 இல் வந்தது. அந்த மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவதை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஓகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்த ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. பெரும்பாலும் இந்தப் பழைய வழியைத் தழுவியே அதிலும் நடந்தார்கள்.

“எங்க பாட்டிக்கு அம்மா நடந்து வந்தவங்கன்னு சொல்லுவாங்க” என்றார் தாயார். “வழியில ஒரு பிள்ளையை விட்டுட்டு வந்தாங்களாம். எங்கேன்னு யாருக்கும் தெரியாது.” அதன் பின்பு அவர் பேசவில்லை. மிகிந்தலைக் குன்றும் வெண்ணிறத் தூபியும் கடந்தன, கெக்கிராவை கடந்தது. இரு புறமும் ஓடிய காட்டையும் குளத்தையும் அவர் கண் கொட்டாமற் பார்த்துக்கொண்டே வந்தார். 1977 இல் தார்ப்பாயின் கீழே இருந்து காணாமல் விட்ட வழியை அன்று பகல் வெளிச்சத்திலே கண்டார். அவருக்கு முன்னோர் ஒரு பிள்ளையை மண்ணிலே கிடத்திவிட்டுப் போன வழியும் அதுவே. புகைவண்டி ஓடியிருந்தால் நாம் மாகோவும் பொல்காவெலையும் கடந்து கொழும்புக்குப் போயிருப்போம். இந்த வழியை அவரும் கண்டிருக்கமாட்டார், நாமும் கேட்டிருக்கமாட்டோம்.

தம்புள்ளையிலே இறங்கிச் சாப்பிட்டோம். எமது பகுதி மரக்கறிகளின் விலை ஏறுவதும் இறங்குவதும் தம்புள்ளைச் சந்தையைப் பொறுத்தே என்பதால், ஊரிலே நாள்தோறும் காதில் விழும் பெயர் அது. “இதுதானா அந்தத் தம்புள்ளை!” என்று எம் மனைவியார் வியந்தார். அதற்கப்பால் வீதி மெல்ல மெல்ல மேலே ஏறியது, காற்று மாறியது. தாயார் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “குளிரு வந்திருச்சு” என்று சிரித்தார். எமக்குக் குளிரவே இல்லை.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை மறுநாட் காலையிலே தரிசித்தோம். நடந்து வந்தவர்கள் காடு கடந்து உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லிக் கும்பிட்ட இடம் என்று மலைநாட்டு மக்கள் இன்றும் போற்றும் தலம் அது. தாயார் இரண்டு சிதறு தேங்காய் உடைத்தார். ஒன்று எதற்கு, மற்றொன்று எதற்கு என்று நாம் கேட்கவில்லை.

அன்று பிற்பகல் மகனின் வாழ்க்கையிலே முதலாவது புகைவண்டிப் பிரயாணம் நிகழ்ந்தது. யாழ்தேவியின் கம்பீரம் அந்தச் சிறு வண்டிக்கு இல்லை. மலையைச் சுற்றி, தோட்டங்களின் பின்புறமாக, கொடியிலே காயும் உடுப்புகளைத் தொட்டுவிடுவது போல அது ஊர்ந்தது. அவன் யன்னலை விட்டு அசையவில்லை. கண்டியில் இறங்கும்போது, “இது மெதுவாப் போனது நல்லதுதான்” என்றான். கடலை இழந்த வழக்கு அத்தோடு தள்ளுபடியாயிற்று.

மூன்றாம் நாள் கண்டியிலிருந்து மலைநாட்டு வண்டி. ஆசனப் பதிவு கிடைக்கவில்லை. மூன்றாம் வகுப்பிலே நெருங்கி ஏறினோம். ஓர் இளைஞர் எழுந்து தாயாருக்கு இடம் தந்தார். கம்பளை, நாவலப்பிட்டி, வட்டவளை, அட்டன் என்று நிலையப் பெயர்களைத் தாயார் வரிசை பிசகாமல், வண்டி அடைவதற்கு முன்னரே சொல்லிக்கொண்டு வந்தார். அட்டனுக்கு அப்பால் சிங்கமலைச் சுரங்கத்தின் இருள் சூழ்ந்தபோது பெட்டியிலிருந்த பிள்ளைகள் எல்லாம் கூவினார்கள். பேரனோடு சேர்ந்து பாட்டியும் கூவினார். இப்படி அவர் கூவி நாம் கேட்டதில்லை.

வட்டகொடையிலே இறங்கி, முச்சக்கர வண்டி பிடித்து, மீதி வழியை மெல்ல நடந்தோம். தோட்டம் இருந்தது. தாயார் இருந்த லயம் இல்லை. அந்த இடத்திலே தனி வீடுகள் சில எழுந்திருந்தன. பெரட்டுக்களம் சிறுத்துப்போயிருந்தது. அவருடைய தாயாரைப் புதைத்த மேடு எங்கென்று தேடினார். அங்கே தேயிலை நின்றது. நிரை நிரையாக, இடைவெளி தெரியாமல் நின்றது. அவர் அந்த நிரையின் ஓரத்திலே சிறிது நேரம் நின்றார். ஒரு கொழுந்தைக் கிள்ளி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, பழக்கம் மாறாமல் கிள்ளி, கைக்குள் வைத்துக்கொண்டார். அழவில்லை.

மாறாமல் இருந்தது பீலி மட்டுமே. மலையிடுக்கிலிருந்து குழாய் வழியே விழும் அந்த ஊற்று நீரிலேதான் அவர் குளித்ததும், குடம் நிறைத்ததும், எம்மை முதன்முதல் நீராட்டியதும். தாயார் குனிந்து முகம் கழுவினார். இரு கையாலும் ஏந்திக் குடித்தார். பேரப்பிள்ளைகளையும் அழைத்துக் குடிக்கச் செய்தார்.

பீலிக்கரையிலே துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எம்மைக் கண்டு எழுந்தார். தாயாரை அவருக்குத் தெரியவில்லை; தாயாரின் தகப்பனார் பெயரைச் சொன்னபோதும் தெரியவில்லை. நாற்பத்தேழு ஆண்டு என்பது நீண்ட காலம். எனினும் வீட்டுக்கு அழைத்துச் சென்று, வெல்லத் துண்டோடு சாயத் தண்ணீர் கொடுத்து உபசரித்தார். நாம் கொண்டுபோன பனங்கட்டிக் குட்டானைத் தாயார் அவர் கையிலே கொடுத்தார். அதை முகர்ந்து பார்த்துவிட்டு அந்தப் பெண்மணி, “எந்த ஊரும்மா நீங்க?” என்று கேட்டார்.

நாம் தாயாரின் முகத்தைப் பார்த்தோம். அவர் தயங்கவில்லை. “தர்மபுரம். கிளிநொச்சிப் பக்கம்” என்றார். பின்னர், கேளாமலே, “நல்ல ஊரு. தண்ணி கொஞ்சம் கயர்க்கும். வந்தீங்கன்னா நம்ம வீட்டுல தங்கலாம்” என்று சேர்த்துக்கொண்டார்.

வட்டகொடையில் வைத்துத்தான் அவர் தர்மபுரத்தைத் தம் ஊர் என்று சொன்னார். பிறந்த மண்ணைப் பார்த்துவிட்டு வந்தால் ஏக்கம் கூடும் என்று நாம் உள்ளூர அஞ்சியிருந்தோம். அவருக்கோ எதுவோ இறங்கி வைத்தாற் போலாயிற்று. நுவரெலியா பார்க்க இரண்டு நாள் ஒதுக்கியிருந்தோம். ஒரு நாள் போதும் என்றார். “வீட்டுல கோழிக்கு யாரு தீனி போடுவா?” என்று கேட்டார். ஆக, திட்டம் இன்னொரு முறையும் மாறியது. இம்முறை யாருக்கும் வருத்தமில்லை.

அந்தக் கிள்ளிய கொழுந்து காய்ந்து, சுருண்டு, தர்மபுரத்து வீட்டிலே சுவாமிப் படத்தின் கீழே இருக்கிறது.

மாகோ அனுராதபுரம் பாதை 2024 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. நாம் காத்திருந்தால் ஆவணி விடுமுறையும் தவறியே போயிருக்கும். அன்றியும், 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வாப் புயலின்போது மலைநாட்டிலே மண்சரிவுகள் எத்தனையோ உயிர்களைக் கொண்டுசென்றன. மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பல இடங்களிற் சிதைந்தது. எமது வன்னியிலும் வெள்ளம் ஏறிய நாட்கள் அவை. தொலைபேசி இணைப்புத் திரும்பியதும் தாயார் முதலிலே பேசச் சொன்னது அந்தப் பீலிக்கரைப் பெண்மணியோடுதான். புகைவண்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை. “எல்லாரும் இருக்கீங்களா?” என்று கேட்டார். இருக்கிறோம் என்ற விடை வந்ததும், “பீலி?” என்றார். பீலி கலங்கி ஓடுவதாகவும், தெளிந்துவிடும் என்றும் அங்கிருந்து சொன்னார்கள்.

வாசகர்களே, விடுமுறைக்குத் திட்டம் போடுங்கள், நன்றாகவே போடுங்கள். வண்டி நின்றுவிட்டது என்று செய்தி வந்தால் தாளைக் கிழித்துவிட வேண்டாம். எதற்காகப் புறப்பட எண்ணினோம் என்பதை மட்டும் ஒரு முறை கேட்டுக்கொண்டு, தேசப்படத்தை விரியுங்கள். பாதைகளை மூடலாம், திருத்தித் திறக்கலாம். வீட்டிலே வெற்றிலை மடித்துக்கொண்டு காத்திருக்கும் முதியவருக்கு அந்த வசதி இல்லை.

மகன் இப்போது யாழ்தேவியைப் பற்றி மறுபடியும் பேசத் தொடங்கியிருக்கிறான். அவனுக்கு நாம் ஒரு கடல் பாக்கி.